மலை வீட்டிலிருந்து வீடியோ கால்: உங்கள் குரல் ஒழுங்காகப் போய்ச் சேர

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது நெட் வருமா என்றுதான். அடுத்து தண்ணீர், பார்க்கிங், காட்டுமாடு. குரலைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. குடிவந்து கொஞ்ச நாளில் மீட்டிங்கில் யாராவது "உங்க வாய்ஸ் சரியா கேக்கல" என்பார்கள். உடனே ஆன்லைனில் மைக் தேட ஆரம்பிப்பார்கள். பணம் வீணாவது அந்த இடத்தில்தான்.

நான் கோத்தகிரிக்குப் பக்கத்தில் தகரக் கூரை வீட்டிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு எடுக்கிறேன். ஒரு மழைக்காலம் முழுக்க இதோடு மல்லுக்கட்டிய பிறகு பிடிபட்ட வரிசை இது: அறை, தூரம், வயர், அதற்கப்புறம்தான் மைக். கீழே மைக் வாங்குவது படி 4-இலும் நெட் வயர் படி 6-இலும் வந்தாலும், செய்வது இந்த வரிசையில் இருக்கட்டும். காசு செலவாகாத படிகளை முதலில் முடியுங்கள். பலருக்குக் கடைக்குப் போகும் முன்பே பிரச்சினை தீர்ந்துவிடும்.

1. முதலில் உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்

மற்றவர்கள் பேசுவது உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது என்பதால் உங்கள் குரலும் அப்படியே போகிறது என்று நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் பக்கத்துக் கோளாறு உங்கள் காதுக்கு வரவே வராது.

ஜூமில் ஆடியோ செட்டிங்ஸுக்குள் 'டெஸ்ட் மைக்' இருக்கிறது. நீங்கள் பேசியதைப் பதிவு செய்து திரும்பப் போட்டுக் காட்டும். டீம்ஸில் 'மேக் எ டெஸ்ட் கால்'. கூகுள் மீட்டில் கூட்டத்துக்குள் நுழையும் முன்பே சோதித்துப் பார்க்கலாம். இதைவிட நல்ல சோதனை, நண்பர் ஒருவரை வீடியோ காலில் கூப்பிட்டு அவர் பக்கத்தில் ரெக்கார்ட் பண்ணச் சொல்வது. செய்தித்தாளை எடுத்து ஒரு நிமிடம் படியுங்கள். ஊர்ப்பெயரும் எண்களும் வரும் செய்தியாக இருக்கட்டும். ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். நீங்கள் வழக்கமாகக் கால் பேசும் நேரத்திலேயே இதைச் செய்ய வேண்டும். காலை ஆறு மணிக்கு எந்த வீடும் அமைதியாகத்தான் இருக்கும்.

கேட்டதும் குறை எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

"கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றால் அறையும் தூரமும் காரணம். படி 2, 3.

குரல் விட்டு விட்டு வருகிறது, ரோபோ மாதிரி இழுக்கிறது என்றால் நெட். படி 6.

வார்த்தையின் கடைசி எழுத்து கடிபட்டுப் போகிறது என்றால் இரைச்சலை நீக்கும் மென்பொருள் அளவுக்கு மீறி வேலை செய்கிறது. படி 5.

தொடர்ந்து 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் இருந்தால் கரண்ட். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேசிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால், அந்த பிளக் பாயிண்ட்டில் எர்த் சரியில்லை என்று சந்தேகப்படலாம். இங்கே பழைய வீடுகளில் இது சாதாரணம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்ப்பது உங்கள் உயிருக்கும் நல்லது.

எதிரொலியில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உங்கள் குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால் தப்பு உங்களிடம் இல்லை. எதிர்முனையில் யாரோ ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார், அது அவர் மைக்குக்குள் போய்த் திரும்பி வருகிறது. "எங்க குரல் எங்களுக்கே கேக்குது" என்று மற்றவர்கள் சொன்னால்தான் அது உங்கள் ஸ்பீக்கர். இது தெரியாமல் தன்னுடைய நல்ல ஹெட்செட்டைத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

2. அறையைத் தேர்ந்தெடுங்கள்

மலையில் நமக்கு ஒரு வசதி: ஃபேன் கிடையாது. சமவெளியில் இருப்பவர்களுக்கு வீடியோ காலில் பெரிய எதிரி தலைக்கு மேல் சுற்றும் ஃபேனும் ஏசியும். இங்கே அது இல்லை. குளிரில் லேப்டாப்பின் உள் ஃபேன்கூட அடிக்கடி இரையாது. அதற்குப் பதிலாக வேறு சில வந்து சேரும்.

கூரையில் ஆரம்பிக்கலாம். பல வீடுகளில் முன்பக்கமோ பின்பக்கமோ தகரம், நடுவில் கான்கிரீட் என்று கலந்திருக்கும். கான்கிரீட் கூரை உள்ள அறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அதையே எடுங்கள். முழு வீடும் தகரம் என்றால் படி 8 உங்களுக்குத்தான்.

அடுத்தது சுவர். எஸ்டேட் லைன் வீடுகளிலும் ஹட்டிகளில் (படுகர் ஊர்களில்) வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளிலும் பக்கத்து வீட்டு டிவி உங்கள் வீட்டு டிவி மாதிரிதான். பொதுச்சுவர் இல்லாத பக்கம் மேசையைப் போடுங்கள். ரோட்டோரம் என்றால், கொண்டை ஊசி வளைவுக்குப் பக்கத்து வீட்டை வீடு பார்க்கும்போதே தவிர்த்துவிடுங்கள். ஒவ்வொரு பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடிக்காமல் அங்கே திரும்பாது. டீ ஃபேக்டரிக்குப் பக்கத்தில் என்றால் இலை வாட்டும் ஃபேன்கள் இரவிலும் ஓடும். ஆனால் அது ஒரே சீராக வரும் இரைச்சல். மென்பொருள் அதைச் சுலபமாக நீக்கிவிடும். ஹாரனையும் நாய்க் குரைப்பையும் அவ்வளவு சுலபமாக நீக்க முடியாது. ஃபேக்டரியா, வளைவா என்று கேட்டால் நான் ஃபேக்டரியைத்தான் எடுப்பேன்.

அறைக்குள் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டிய பிறகும் 'ட்ரிங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த அறை எதிரொலிக்கிறது. பழைய பங்களா அறைகளில் உயரமான கூரை, பலகைத் தரை, பெரிய கண்ணாடி ஜன்னல் எல்லாம் சேர்ந்து இதைச் செய்யும். பள்ளத்தாக்கு தெரியும் ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து பேச எல்லோருக்கும் ஆசைதான். கேமராவுக்கு அழகு, குரலுக்குக் கேடு. கண்ணாடி, ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும்.

இதைச் சரிசெய்யும் பொருள் மலை வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது: கம்பளி. ஒரு தடிமனான கம்பளியை நீங்கள் பார்த்து உட்காரும் சுவரில் தொங்கவிடுங்கள். உங்கள் குரல் முதலில் போய் மோதுவது அங்கேதான். இன்னொன்றை மேசைமேல் விரியுங்கள். தரையில் ஜமுக்காளம். முதுகுக்குப் பின்னால் துணி அலமாரி இருந்தால், கேமராவில் தெரியாது என்றால் கதவைத் திறந்து வையுங்கள். மெத்தை போட்ட படுக்கையறை, வெறும் ஹாலைவிட எப்போதும் மேல். மறுபடி கைதட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

ஏமாறும் இடங்கள் இரண்டு. ஒன்று முட்டை அட்டை. சுவர் முழுக்க ஒட்டினால் ஸ்டுடியோ ஆகிவிடும் என்பார்கள். மேல்ஸ்தாயி ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், மற்றபடி ஒன்றும் செய்யாது, பல்லிக்கும் கரப்பானுக்கும் வீடாகும். இன்னொன்று தெர்மோகோல். குளிருக்கு நல்லது, ஒலியை உறிஞ்சாது. இரண்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பழைய வீட்டில் கணப்பு அடுப்பு இருந்தால் அதன் புகைபோக்கி வழியே காற்றும் குருவிச் சத்தமும் நேராக இறங்கும். பழைய தலையணையைத் திணித்து அடைக்கலாம். தீ மூட்டும் முன் எடுக்க மறக்காமல் இருக்க, தலையணையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வெளியே தொங்கவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் ஹீட்டர் இல்லாமல் முடியாது. காற்றடிக்கும் ஹீட்டர் விலை குறைவு, ஆனால் மைக்கில் புயலே அடிக்கும். எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் விலை பல மடங்கு, சத்தம் கிட்டத்தட்ட இல்லை. அதற்குக் காசு இல்லையென்றால், காற்றடிக்கும் ஹீட்டரில் அறையை முதலிலேயே சூடாக்கி, கால் தொடங்கும்போது அணைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

3. வாய்க்கும் மைக்குக்கும் இடையே தூரத்தைக் குறையுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் உங்கள் குரல் மைக்கில் சுமார் 6 டெசிபல் ஏறும். அறையின் இரைச்சலோ இருந்த அளவிலேயே இருக்கும். லேப்டாப் மைக் உங்கள் வாயிலிருந்து 50, 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சட்டையில் குத்தும் மைக் 15 முதல் 20. ஹெட்செட் குச்சி மைக் 3, 4. விலை குறைந்த ஹெட்செட்டில் பேசுகிறவரின் குரல், மேசை ஓரத்தில் ஆறாயிரம் ரூபாய் மைக்கை வைத்துப் பேசுகிறவரின் குரலைவிடத் தெளிவாக இருப்பது இதனால்தான்.

குச்சி மைக்கை உதட்டுக்கு நேர் எதிரே வைக்காதீர்கள். 'ப', 'ஃப' சொல்லும்போது மூச்சு அதில் மோதி 'டப் டப்' என்று வெடிக்கும். உதட்டு ஓரத்தில், கன்னத்தை ஒட்டி வையுங்கள். சட்டை மைக்கை ஸ்வெட்டருக்கு உள்ளே மறைத்தால் உராயும் சத்தம்தான் கேட்கும், வெளியே குத்துங்கள். இயர்போன் வயரில் இருக்கும் மைக் மார்பில் தொங்கி மஃப்ளரில் தேய்ந்துகொண்டிருக்கும். குளிர் ஊரில் எல்லோருக்கும் நடப்பது இது. ஒரு கிளிப் போட்டு மஃப்ளருக்கு மேலே நிறுத்துங்கள்.

மைக் எதுவானாலும், மற்றவர்கள் குரலை ஸ்பீக்கரில் விடாமல் காதில் கேளுங்கள். எதிரொலி பாதி அதிலேயே போய்விடும்.

4. வாங்குவதென்றால்

என்ன விலைக்கு என்ன கிடைக்கும் என்று தோராயமாகச் சொல்கிறேன்.

மைக் வைத்த வயர் இயர்போன் 400 முதல் 1,000 ரூபாய். அவசரத்துக்கு இதுவே போதும். வீட்டில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

குச்சி மைக் உள்ள யுஎஸ்பி ஹெட்செட் 1,500 முதல் 3,000. தினமும் மீட்டிங் உள்ளவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஒலி அட்டை ஹெட்செட்டுக்குள்ளேயே இருப்பதால் லேப்டாப்பின் ஜாக் பழுதானாலும் கவலை இல்லை.

சட்டை மைக் 500 முதல் 1,500. பாடம் நடத்துகிறவர்களுக்கும், தலையில் எதையும் மாட்டப் பிடிக்காதவர்களுக்கும். சிலவற்றில் பட்டன் செல் இருக்கும். பல நாள் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் கழற்றி வையுங்கள், கசிந்து கெடுக்கும்.

மேசையில் வைக்கும் யுஎஸ்பி கண்டென்சர் மைக் 2,500-இலிருந்து மேலே. பார்க்க ரேடியோ நிலையம் மாதிரி இருக்கும் என்பதால் எல்லோரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். இது நுணுக்கமாகக் கேட்கும் மைக். கூரையில் குரங்கு நடப்பதையும் நுணுக்கமாகக் கேட்கும். அறை சரியாகி, ஒரு ஜாண் தூரத்தில் வைத்துப் பேச முடிந்தால் மட்டும் வாங்குங்கள். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பல மைக்குகளுக்கு மேல்முனை வாய் கிடையாது, முன்பக்கம்தான் வாய்.

பொறிகள்:

ப்ளூடூத். பாட்டு கேட்கும்போது அருமையாக இருக்கும் இயர்பட், கால் தொடங்கியதும் டெலிபோன் மாதிரி ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமான ப்ளூடூத்தில் மைக் வேலை செய்ய ஆரம்பித்ததும் இணைப்பு வேறு முறைக்கு மாறிவிடும். அதில் குரல் நொடிக்கு 8,000 அல்லது 16,000 சாம்பிள்களாகச் சுருங்கிப் போகும். வயர் மைக்கில் 48,000 வரை போகலாம். கூடவே தாமதமும் சேரும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி, "நீங்க சொல்லுங்க" "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று போவதில் இதற்கும் பங்கு உண்டு. இயர்பட்டை விட மனமில்லை என்றால், கேட்பதற்கு மட்டும் அதை வைத்து, மைக்காக லேப்டாப்பையோ சட்டை மைக்கையோ தேர்ந்தெடுங்கள்.

ஜாக்கில் உள்ள வளையம். மைக்கோடு வரும் இயர்போன் பின்னில் மூன்று கருப்பு வளையங்கள் இருக்கும். இரண்டே வளையம் என்றால் அதில் மைக் இல்லை, அல்லது மைக் மட்டும்தான். லேப்டாப்பில் ஒரே துளை இருந்தால் மூன்று வளையப் பின் வேண்டும். மைக்குக்கும் காதுக்கும் தனித்தனித் துளை உள்ள பழைய கம்ப்யூட்டருக்குப் பிரிப்பான் வயர் வேண்டும், நூறு இருநூறு ரூபாய்.

டைப்-சி மாற்றி. ஜாக் இல்லாத போனுக்கு மலிவான மாற்றி வாங்கினால் பாதிப் போன்களில் வேலை செய்யாது. உள்ளே டிஜிட்டல் சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். 'டிஏசி' என்று அட்டையில் போட்டிருக்கும்.

நேரமும் பில்லும். ஆன்லைன் ஆர்டர் கோவைக்கு வருவதைவிட இங்கே ஓரிரு நாள் அதிகமாகும், ரோட்டில் மரம் விழுந்தால் இன்னும் கூடும். திருப்பி அனுப்பும் காலக்கெடு டெலிவரி நாளிலிருந்து ஓடும் என்பதால், வந்த அன்றே பிரித்துச் சோதியுங்கள். பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். சில உட்கிராமங்களிலிருந்து கூரியர் திரும்ப எடுக்க வராது. அப்படியென்றால் குன்னூர் மவுண்ட் ரோட்டிலோ ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ கடையில் போட்டுக் கேட்டே வாங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி பில் கேளுங்கள். வெள்ளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தருவதற்கு வாரண்டி கிடைக்காது.

5. செட்டிங்ஸ்

முதலில், செயலி எந்த மைக்கைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். ஹெட்செட்டை மாட்டியிருப்பீர்கள், ஜூம் இன்னும் லேப்டாப் மைக்கையே கேட்டுக்கொண்டிருக்கும். மைக்கை நகத்தால் லேசாகத் தட்டுங்கள். அளவுக்கோடு குதித்தால் சரி.

மைக் அளவு: சாதாரணமாகப் பேசும்போது கோடு முக்கால் வரை ஏறினால் போதும். முட்டினால் குரல் பிசிறும்.

இரைச்சல் நீக்கம் ஒரே ஒரு இடத்தில் இருக்கட்டும். ஹெட்செட்டில் ஒன்று, விண்டோஸில் ஒன்று, ஜூமில் ஒன்று என்று மூன்றும் சேர்ந்து வடிகட்டினால் குரலில் சாரம் இருக்காது. செயலியில் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடலாம். அமைதியான அறையில் குறைந்த அளவே போதும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் மேலே உள்ள மெனு பாரில் 'வாய்ஸ் ஐசொலேஷன்' என்று ஒன்று உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது.

பாட்டு, வீணை சொல்லிக்கொடுப்பவர்கள் மட்டும் எதிர்த்திசையில் போக வேண்டும். தம்பூராச் சுருதி தொடர்ந்து ஒரே சீராக ஒலிப்பதால் மென்பொருள் அதை இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்பதைப் போடுங்கள், ஹெட்போன் கட்டாயம்.

6. நெட் இணைப்பு

குரலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. ஜூமில் குரல் மட்டும் போக நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும். "எங்க வீட்ல 100 எம்பிபிஎஸ், அப்படியும் வாய்ஸ் உடையுது" என்று புலம்பக் காரணம், சிக்கல் வேகத்தில் இல்லாததுதான். பார்க்க வேண்டியது மூன்று: தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள், அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம் 40-க்குள், வழியில் தொலையும் டேட்டாப் பொட்டலங்கள் (பாக்கெட்) 2 சதவீதத்துக்குள். ஸ்பீடு டெஸ்ட் செயலிகளில் தாமதத்தை 'பிங்' என்றும் ஏற்ற இறக்கத்தை 'ஜிட்டர்' என்றும் காட்டுவதைப் பாருங்கள்.

புது ஃபைபர் இணைப்புக்குத் தேவை: ஆதார், வாடகை ஒப்பந்தத்தின் நகல், ஓடிபி வரும் மொபைல் எண், சில இடங்களில் ஒரு போட்டோ. ஒப்பந்தம் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியிருந்தால் ஓனரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். சுவரில் துளை போடவும் அதிலேயே அனுமதி எழுதி வாங்கிவிட்டால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடிக்க மாட்டார்கள். விளம்பரத்தில் போடும் விலைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 499 என்றால் கையை விட்டுப் போவது 589.

"ஒரு வருஷம் சேத்துக் கட்டுங்க, இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்பார்கள். ஒரு மழை மாதத்தைப் பார்க்காமல் கட்டாதீர்கள். எனக்கு இணைப்பு கொடுத்தவர் பணம் வாங்கும்வரை தினமும் போன் செய்தார். மரம் விழுந்து வயர் அறுந்தபோது "நாளைக்கு ஆள் வருவாங்க மேடம்" என்பதே ஒரு வாரத்துக்குப் பதிலாக இருந்தது. சேர்வதற்கு முன் பக்கத்து வீட்டு அக்காவிடம், அண்ணாவிடம் கேளுங்கள்: "போன மழையில எத்தனை நாள் நெட் இல்ல?" கம்பெனியின் பெயரைவிட, உங்கள் தெருவுக்கு வரும் லைன்மேன் யார் என்பதுதான் முக்கியம்.

பொருத்த வருகிறவரிடம் "அண்ணா, பவர் ரீடிங் காட்டுங்க" என்று கேளுங்கள். ஃபைபரில் வந்து சேரும் ஒளியின் பலம் அது. மைனஸ் 15-இலிருந்து மைனஸ் 25-க்குள் இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இன்று ஓடும், மழையில் படுத்துவிடும். வயரை மூலையில் மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள், ஃபைபர் வளைவாகத்தான் திரும்ப வேண்டும். வெளியே தொங்கும் வயர் குரங்கு தொங்க வசதியாகத் தாழ்வாக இருக்கக் கூடாது. ரவுட்டரில் 'லாஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே எங்கோ ஃபைபர் போய்விட்டது. ரீஸ்டார்ட் செய்து நேரத்தை வீணாக்காமல் புகார் கொடுத்து எண்ணை வாங்குங்கள்.

வீட்டுக்குள் வைஃபையை நம்ப வேண்டாம். பழைய வீடுகளின் கருங்கல் சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் அலை தாண்டாது, 2.4 தாண்டும், ஆனால் மைக்ரோவேவ் ஓடினால் திணறும். ரவுட்டரிலிருந்து மேசைக்கு ஒரு கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். 15 மீட்டர் கேபிள் சில நூறு ரூபாய்தான். லேப்டாப்பில் அந்தத் துளை இல்லையென்றால் யுஎஸ்பி மாற்றி ஒன்று வேண்டும். குரல் உடைவது பெரும்பாலும் இத்துடன் நிற்கும்.

மாற்று ஏற்பாடாக வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஜன்னலோரம் சிக்னல் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து வையுங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி சமயத்தில் ஊரே நிரம்பி வழியும், அப்போது மொபைல் டேட்டாவை நம்பி முக்கியமான மீட்டிங்கை வைக்காதீர்கள்.

7. கரண்ட்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று செய்தித்தாளில் முன்னதாகவே வரும். அந்த நாளில் மீட்டிங் வைக்காதீர்கள். மற்ற நாளில் கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் புகார் சொல்லலாம்.

ரவுட்டருக்கு மட்டும் மினி யுபிஎஸ் 1,200 முதல் 2,500 ரூபாய். ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா, எத்தனை ஆம்பியர் என்று படித்து அதற்குப் பொருத்தமாக வாங்குங்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் மைக்கில் ரீங்காரம் கேட்கலாம். அப்போது லேப்டாப்பை பேட்டரியிலேயே ஓட்டுங்கள்.

8. தகரக் கூரையும் மழையும்

இதற்கு முழுத் தீர்வு கிடையாது, குறைக்கத்தான் முடியும். தகரத்தில் மழை அடிக்கும் சத்தம், நம் குரல் இருக்கும் அதே ஒலி எல்லைக்குள் பரவிக் கிடக்கிறது. அதனால் மென்பொருள் மழையை நீக்கும்போது குரலையும் சேர்த்துக் கொறிக்கும். குச்சி மைக்கை உதட்டோரம் வைப்பதுதான் மழையில் உங்களிடம் உள்ள பெரிய ஆயுதம். கண்டென்சர் மைக் வைத்திருப்பவர்கள்கூட மழை வந்தால் ஹெட்செட்டுக்கு மாறிவிட வேண்டும்.

சொந்த வீடு, அல்லது சம்மதிக்கும் ஓனர் என்றால் கூரையில் வேலை செய்யலாம். தகரத்துக்கு மேல் சில அங்குலம் இடைவெளி விட்டு நிழல்வலை கட்டினால் துளிகள் உடைந்து விழும், அடி குறையும். காற்றுக்குப் பறக்காமல் கட்டுவதுதான் சிரமம். உள்ளே ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டு, இடையில் கிளாஸ் வூல் (கண்ணாடிப் பஞ்சு) பரப்பினால் நன்றாகவே குறையும், குளிருக்கும் நல்லது. பத்துக்குப் பத்து அறைக்கு எனக்குச் சொன்ன கணக்கு பத்தாயிரத்தைத் தாண்டியது. வாடகை வீட்டுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். போடுகிறவர்கள் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்யட்டும், அந்தப் பஞ்சு தோலை அரிக்கும்.

காசில்லாத வழி, நேரத்தை மாற்றுவது. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குதான் கனம். ஏப்ரல், மே மாத இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். என் பாடங்களை அந்த மாதங்களில் காலைக்கு மாற்றிக்கொண்டேன். பெற்றோர் முதலில் முனகினார்கள், அப்புறம் பழகிவிட்டது.

இடிமழை வரும் முன்பே சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள்.

9. ஈரத்திலிருந்து மைக்கைக் காப்பாற்றுங்கள்

பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் ஊர் இது. கண்டென்சர் மைக்கில் ஈரம் ஏறினால் பொரிவது போலச் சத்தம் வரும், நாளாக நாளாக உணர்திறன் போகும். வேலை முடிந்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் ஈரம் ஏறிவிட்டதா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம், காய வைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஹெட்செட்டின் பஞ்சு உறையில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் அவ்வப்போது கழற்றி வெயில் கண்ட நேரத்தில் காயப் போடுங்கள்.

10. இன்டர்வியூ மாதிரி முக்கியமான கால் என்றால்

முந்தின நாள் அதே அறையில், அதே நேரத்தில், அதே செயலியில் சோதனை. லேப்டாப், போன், மினி யுபிஎஸ் மூன்றும் முழு சார்ஜ். அழைப்பு மெயிலில் போனில் சேரும் எண் கொடுத்திருந்தால் அதையும் மீட்டிங் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள். நெட் போனால் மெயிலைத் திறக்க முடியாது. வீட்டுக்குள் சிக்னல் வராத இடம் என்றால் போனில் வைஃபை காலிங்கை இயக்கி வைக்கலாம், ஆனால் அது நெட் இருக்கும்வரைதான் உதவும். ஆகவே ஜன்னலோரச் சிக்னலையும் பார்த்து வையுங்கள்.

கால் தொடங்கப் பதினைந்து நிமிடத்துக்கு முன் ரவுட்டரைத் தொடாதீர்கள், அப்டேட் கேட்டால் 'பிறகு' என்று சொல்லுங்கள். போனில் ஜூம் திறந்திருந்தால் மூடுங்கள். ஒரே அறையில் இரண்டு கருவிகள் ஒரே மீட்டிங்கில் இருந்தால் ஊளையிடும். மழை பிடித்துவிட்டால் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "இங்க மழை, தகரக் கூரை. நான் பேசாதப்ப மியூட்ல இருப்பேன், சத்தம் வந்தா சொல்லுங்க." நான் பார்த்தவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஊட்டியா, கிளைமேட் எப்படி இருக்கு என்று கேட்டே இரண்டு நிமிடம் போய்விடும்.